புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் கண் சொட்டு மருந்து போடுவது எப்படி

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 67. போன தை மாதம் கோயமுத்தூரில் அவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலை கட்டைப் பிரித்துப் பார்த்து, மூன்று சொட்டு மருந்தும் ஒரு சீட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்தை எப்படிப் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு நிமிஷமும் நான் கீழே பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். அம்மாவுக்குக் கூட்டத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

எட்டாம் நாள் ரிவ்யூவுக்குப் போனபோது கண்ணுக்குள் வீக்கம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றார் டாக்டர். வேளை தவறாமல் போடுகிறோம் என்றேன். "சரி, இப்ப ஒரு சொட்டு போட்டுக் காட்டுங்க" என்றார். நான் மேல் இமையைத் தூக்கிப் பிடித்து, பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் வைத்து அமுக்கினேன். ஒரு சொட்டு இமை முடியில் பட்டது, அடுத்தது கன்னத்தில் ஓடியது. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த சிஸ்டர், "ஏனுங்க தம்பி, எட்டு நாளா இப்படித்தான் போட்டீங்களா? மருந்து உள்ளயே போகலியே" என்றார். அப்புறம் இருபது நிமிஷம் உட்காரவைத்து, என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அதற்கடுத்த வாரமே வீக்கம் இறங்கிவிட்டது. எட்டு நாளாக அம்மாவுக்குச் சேர வேண்டிய மருந்து கன்னத்தில் வழிந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

இங்கே நான் சொல்வது மருந்தைப் போடும் முறையை மட்டும்தான். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது உங்கள் டாக்டர் எழுதிய சீட்டில் இருப்பதுதான்.

1. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

வீட்டில் மருந்து போடப்போகிறவர் யாரோ அவர் டிஸ்சார்ஜ் நேரத்தில் நோயாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும். பில் கட்ட வேறு ஆளை அனுப்புங்கள். நர்ஸ் சொல்லிக்கொடுத்ததும், "நான் ஒருக்கா போட்டுக் காட்டறனுங்க, சரியான்னு பாருங்க" என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாங்கிவர வேண்டிய காகிதங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, கண்ணுக்குள் வைத்த லென்ஸின் விவரம் ஒட்டிய அட்டை அல்லது ஸ்டிக்கர், அடுத்த ரிவ்யூ தேதி, ராத்திரியிலும் எடுக்கும் போன் நம்பர். லென்ஸ் அட்டையைப் பலர் தொலைத்துவிடுகிறார்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டரிடம் காட்ட நேர்ந்தால் எந்த லென்ஸ், என்ன பவர் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

சீட்டில் ஆர்.ஈ. என்று இருந்தால் வலது கண், எல்.ஈ. என்றால் இடது கண், பி.ஈ. என்றால் இரண்டு கண்ணும். இது நோயாளியின் வலது, இடது. நீங்கள் எதிரே நின்று பார்க்கும்போது மாறித் தெரியும். அங்கேயே பாட்டில் மேல் "வலது" என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

நோயாளிக்கு ஆஸ்துமா, இதயத் துடிப்புக் கோளாறு, சர்க்கரை, ஏதாவது மருந்துக்கு அலர்ஜி இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் போன்ற சொட்டு மருந்து ரத்தத்தில் கலந்து மூச்சிரைப்பைக் கிளப்பும், நாடித்துடிப்பைக் குறைக்கும். கண்ணில் விடுவதுதானே என்று நினைத்துவிடக் கூடாது.

2. எத்தனை பாட்டில், எவ்வளவு செலவு

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, முன்னாலேயே போட்டுவைத்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மருந்து தீர்ந்து கடை கடையாக அலைய வேண்டாம். அம்மாவுக்கு எழுதிய, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டெராய்டு சொட்டு முதல் வாரம் நாளைக்கு 6 வேளை, அடுத்த வாரம் 5, அப்புறம் 4, 3, 2, 1 என்று ஆறு வாரம் இறங்கியது. கூட்டினால் 147 சொட்டு. 5 மில்லி பாட்டிலில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 100 சொட்டு வரும். நுனி சிறியதாக இருந்தால் கொஞ்சம் கூட வரும். அதோடு, திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆக எப்படிப் பார்த்தாலும் ஆறு வாரத்துக்கு அந்த மருந்தில் இரண்டு பாட்டில் வேண்டும். இரண்டாவதை மூன்றாம் வாரமே வாங்கி, திறக்காமல் வையுங்கள். கிருமிக்கான ஆன்டிபயாடிக் சொட்டு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும், அதற்கு ஒரு பாட்டில் போதும்.

எங்களுக்கு மூன்று மருந்தும் சேர்த்து முதல் பில் 480 ரூபாய் வந்தது. கார் வாடகைதான் பெரிது, ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் போகவர 2,500 ரூபாய். மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வேளையைக் குறைக்காதீர்கள். டாக்டரிடமே சொல்லி, மருந்தின் மூலப் பெயரை (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே விலை நன்றாகக் குறையும். கடைக்காரர் "இதேதாங்க, வேற கம்பெனி" என்று மாற்றிக் கொடுத்தால் மூலப் பெயரும் சதவீதமும் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். காலாவதித் தேதியையும் மூடியின் சீலையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

3. பாட்டிலைத் திறப்பது

நம் ஊரில் விற்கும் பல பாட்டில்களில் நுனி அடைத்தே இருக்கும். மூடிக்கு உள்ளேயே ஒரு முள் இருக்கும், மூடியைக் கடைசி வரை இறுக்கித் திருகினால் அதுவே நுனியில் சரியான அளவு ஓட்டை போட்டுவிடும். இது தெரியாமல் நான் ஊக்கால் குத்தினேன். ஓட்டை பெரிதாகி, ஒரு சொட்டு வர வேண்டிய இடத்தில் ஒழுகியது, 12 நாள் வர வேண்டிய மருந்து 7 நாளில் தீர்ந்தது. அதைவிட மோசம், ஊக்கில் இருக்கும் அழுக்கெல்லாம் மருந்துக்குள் போகும். ஊக்கு, ஊசி, கத்தரி எதுவும் வேண்டாம். திறந்த அன்றைக்கே தேதியை பாட்டில் மேல் எழுதுங்கள்.

4. நேரத்தை எழுதி ஒட்டுவது

ஆறு வேளை என்றால் காலை 6, 9, பகல் 12, 3, சாயங்காலம் 6, ராத்திரி 9. நாலு வேளை என்றால் 6, 12, 6, 9 போதும். டாக்டர் சொல்லாமல் நடுராத்திரி எழுப்பிப் போட வேண்டியதில்லை. நாங்கள் ஆசாரத்தில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே ஒவ்வொரு நாளும் நேரத்தை எழுதி, போட்டதும் டிக் அடித்தோம். தாளைக் கிழித்து எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்ததை ரிவ்யூவில் காட்டியபோது டாக்டருக்கு எந்த நாள் எது விட்டுப்போனது என்று ஒரே பார்வையில் தெரிந்தது.

ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு சொட்டு விடுவது தப்பு.

5. கை கழுவுவதும் கண் துடைப்பதும்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, கட்டை விரல், நக ஓரம் எல்லாம் தேய்த்து, குறைந்தது 20 விநாடி கழுவி, துவைத்த துணியில் துடையுங்கள். தோளில் கிடக்கும் துண்டில் துடைத்தால் கழுவியதே வீண். கட்டுத்தறியில் பால் கறந்துவிட்டு, சாணி அள்ளிவிட்டு வந்த கை என்றால் முழங்கை வரை இரண்டு தடவை கழுவுங்கள்.

கண்ணில் பீளை ஒட்டியிருந்தால் அதன் மேலேயே மருந்து விடக் கூடாது. ஒரு சின்னப் போசியில் தண்ணீர் ஊற்றி, சுத்தமான பஞ்சு உருண்டைகளைப் போட்டு, பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு மூடி ஆறவையுங்கள். கை கழுவிய பிறகு ஒரு உருண்டையைப் பிழிந்து, மூக்கோரத்தில் தொடங்கிக் காதோரம் போகிற மாதிரி மூடிய இமையின் மேல் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு உருண்டை ஒரு இழுப்புக்குத்தான். திரும்ப அதே பஞ்சால் துடைத்தால் வெளி அழுக்கு கண் மூலைக்கு வந்துவிடும். கருவிழி மேல் அழுத்தாதீர்கள்.

6. சொட்டு விடுவது

கட்டிலில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். கயிற்றுக் கட்டில் நடுவில் பள்ளம் விழுந்து தலை அசைந்துகொண்டே இருந்தால் சரிப்படாது, தரையில் பாய் விரித்துப் படுக்கவைப்பதே மேல். தலைமாட்டுப் பக்கம் நின்றோ உட்கார்ந்தோ போடுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வந்தால் நோயாளிக்குக் கண் கூசாது. மூடியைக் கழற்றி, திறந்த பக்கம் எதிலும் படாதபடி சுத்தமான டிஷ்யூ மேல் சாய்த்து வையுங்கள்.

இனி கை. உங்கள் இடது கை ஆள்காட்டி விரலைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின் மேல் வைத்து, தோலை மெதுவாகக் கீழே இழுங்கள். கீழ் இமை வெளியே வந்து உள்ளே ஒரு சின்னப் பை மாதிரி தெரியும், உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும். சொட்டு விழ வேண்டிய இடம் அதுதான். விரலின் பாரம் எலும்பில் இருக்க வேண்டும், கண் உருண்டையின் மேல் துளியும் இருக்கக் கூடாது. மேல் இமையைத் தொடவே வேண்டாம்.

வலது கையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, மணிக்கட்டை நோயாளியின் நெற்றியில் லேசாக ஊன்றுங்கள். இதைத்தான் சிஸ்டர் எனக்குப் பத்துத் தடவை செய்யவைத்தார். கை ஊன்றியிருந்தால் அவர் தலையை அசைத்தாலும் உங்கள் கையும் கூடவே அசையும், நுனி கண்ணில் குத்தாது. நுனிக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. நுனி இமையில், இமை முடியில், உங்கள் விரலில், எதிலும் படக் கூடாது. பட்டுவிட்டால் கண்ணில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய் அடுத்த வேளை மருந்தோடு திரும்ப வரும். துணியால் துடைத்தாலும் அது போகாது. புதிதாக ஆபரேஷன் ஆன கண் என்றால் அந்த பாட்டிலை விட்டுவிட்டுப் புதிது எடுப்பதுதான் நல்லது.

"அம்மா, மேல விட்டத்தப் பாருங்க" என்று சொல்லி, பார்வை மேலே போன அந்த நொடியில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பார்வை மேலே இருந்தால் கருவிழி ஒதுங்கிக்கொள்ளும், சொட்டு வருவது கண்ணுக்குத் தெரியாது, அதனால் சிமிட்டலும் குறையும்.

ஒரு சொட்டு ஏன் போதும் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணில் தங்கக்கூடிய நீரே 30 மைக்ரோலிட்டர் அளவுதான். ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். முதல் சொட்டிலேயே நிறைந்துவிடுகிறது. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும், போகும்போது முதல் சொட்டையும் கூட்டிக்கொண்டு போகும். முதல் சொட்டு உள்ளே விழவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

சொட்டு விழுந்ததும் இமையை விட்டுவிட்டு, கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். தூங்குகிற மாதிரி. இறுக்கி மூடினாலும் படபடவென்று சிமிட்டினாலும் மருந்து வெளியே வந்துவிடும். மூடியிருக்கும்போது, கண்ணும் மூக்கும் சேரும் உள் மூலையில் மூக்கு எலும்பின் பக்கமாக, சுத்தமான விரல் நுனியை லேசாக வைத்து ஒன்று முதல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர் மூக்குக்கு வடியும் குழாய் அங்கேதான் தொடங்குகிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணிலேயே நின்று வேலை செய்யும், தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போவது குறையும். சொட்டு போட்டதும் தொண்டை கசக்கிறது என்று அம்மா சொன்னது இந்த வழியாக இறங்கிய மருந்துதான். பயப்பட வேண்டியதில்லை, மூலையைச் சரியாகப் பிடித்த பிறகு அது குறைந்துவிட்டது. ஆபரேஷன் ஆன கண்ணில் இதை எத்தனாம் நாளில் இருந்து செய்யலாம் என்று மட்டும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிந்ததைக் கன்னத்தில் ஒற்றி எடுங்கள், கண்ணைத் தேய்க்கவிடாதீர்கள். மூடியைப் போட்டு, திரும்பக் கை கழுவுங்கள்.

பயந்து கண்ணையே திறக்காதவர்களுக்கு, குழந்தைகளுக்கு, தலை ஆடுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடியபடியே மூக்கோர மூலைப் பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டு, அப்புறம் மெதுவாகத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே இறங்கும். இமை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

7. ஒன்றுக்கு மேல் மருந்து இருந்தால்

ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் 5 நிமிஷம் இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்து விட்டால் பின்னால் வருவது முன்னால் போனதைக் கழுவிவிடும். நான் முதல் வாரம் மூன்றையும் ஒரே மூச்சில் போட்டேன், அதில் கடைசி மருந்து மட்டும்தான் ஏதோ கொஞ்சம் தங்கியிருக்கும். தெளிந்த நீர் மாதிரி இருப்பது முதலில், பால் மாதிரி கலங்கலாக இருப்பது அடுத்தது, களிம்பு எப்போதும் கடைசியில். கலங்கல் மருந்தை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் படிந்துவிடும், முதல் வாரம் வெறும் தண்ணீரும் கடைசி வாரம் கட்டி மருந்துமாகப் போகும்.

8. எங்கே வைப்பது

பிரிட்ஜில் வை என்று பெட்டியில் போட்டிருந்தால் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். போடாவிட்டால் வெயில் படாத அலமாரி போதும். ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ரிவ்யூவுக்குப் போகும்போது காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். காதுச் சொட்டு, பசை ட்யூப் இதெல்லாம் இருக்கும் டப்பாவில் கண் மருந்தைப் போடவே கூடாது. ஃபெவிக்விக் மாதிரிப் பசையைக் கண் மருந்தென்று விட்டுக்கொண்டு இமை ஒட்டிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்று சிஸ்டர் சொன்னார். கண்ணாடி போடாமல், வெளிச்சம் இல்லாமல், பெயரைப் படிக்காமல் எந்தச் சொட்டையும் எடுக்காதீர்கள்.

9. நம் பக்கம் அதிகம் நடக்கும் தப்புகள்

ஓரம்பரை வரும், வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், இளநீர் எதுவும் ஆபரேஷன் ஆன கண்ணில் விடக் கூடாது. அவற்றில் கிருமி இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அந்தக் கண்ணில் இன்னும் ஆறாத வெட்டு இருக்கிறது. சொல்கிறவர்கள் பெரியவர்களாக இருப்பார்கள், "டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டாருங்க அத்தை" என்று டாக்டர் மேல் போட்டுவிட்டால் மனம் கோணாமல் முடியும்.

பார்வை தெளிந்ததும் மருந்தை நிறுத்துவது பெரிய தப்பு. மூன்றாம் வாரம் அம்மா "நல்லாத்தான் தெரியுதே கண்ணு, எதுக்கு இன்னும்" என்றார். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே ஆறிக்கொண்டிருக்கும், ஸ்டெராய்டு சொட்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி அதே ஸ்டெராய்டு சொட்டை வாங்கி, கண் சிவந்தால் எல்லாம் விட்டுக்கொள்வது. அது கண் அழுத்தத்தை ஏற்றி, வலியே இல்லாமல் பார்வை நரம்பைக் கெடுக்கும். ஒருவர் பாட்டிலை இன்னொருவருக்குப் போடுவதும் வேண்டாம்.

விறகடுப்புப் புகை, கட்டுத்தறித் தூசி, பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிப் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம் நார்த் தூசி, இதெல்லாம் ஆகாது. டாக்டர் சொல்லும் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது. ராத்திரி தூக்கத்தில் கை போய்த் தேய்க்காமல் இருக்க, அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் கவசத்தைப் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். கவசத்தையும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

10. ரிவ்யூ வரை காத்திருக்கக் கூடாதவை

சொட்டு விட்டதும் கொஞ்ச நேரம் எரிவது, லேசாக உறுத்துவது, நீர் வடிவது சாதாரணம். ஆனால் வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, தெளிந்த பார்வை திரும்ப மங்குவது, சிவப்பு அதிகமாவது, சீழ் வருவது, இமை வீங்குவது, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, திடீரென்று நிறையக் கரும்புள்ளி மிதப்பது, ஓரத்தில் திரை இறங்கியது போலத் தெரிவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போங்கள். ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றுவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தெரியும், அதில் மணிக்கணக்கில் தாமதித்தாலே பார்வை போகலாம். ராத்திரி என்றால் முதலில் ஆஸ்பத்திரி கொடுத்த நம்பர், எடுக்கவில்லை என்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்குப் போன் செய்து எங்கே போவது என்று கேளுங்கள், கிளம்ப வண்டி இல்லை என்றால் 108. கூடவே எல்லா மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண ரிவ்யூவுக்கும் அந்தப் பையோடுதான் போக வேண்டும்: டிஸ்சார்ஜ் சம்மரி, சீட்டு, லென்ஸ் அட்டை, டிக் அடித்த தாள்கள், பாட்டில்கள். கண்ணாடிக்கான பரிசோதனை எங்களுக்கு ஆறாம் வாரம் வைத்தார்கள், பார்வை நிலைக்கும் முன் அவசரப்பட்டுக் கண்ணாடி வாங்கினால் அந்தக் காசு வீண். சொட்டு முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, மிச்சம் இருந்த மருந்து பாட்டில்களை வீட்டில் வைக்காமல் மூடியைக் கழற்றிக் காலி செய்து எறிந்துவிட்டோம். அடுத்த வருஷம் அம்மாவுக்கு இடது கண், அதற்கு எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.